ஜாமீன் நிற்பதன் பொருள்

1734-இல் நெசவாளர் குடியேறுவதற்கென அமைக்கப்பட்டது சிந்தாதிரிப்பேட்டை. இங்குள்ள நம் அங்கத்தினர்களுக்கு ஜாமீன் என்னும் சொல் புதியதன்று. சங்கக் கடனுக்கு ஜாமீன் நிற்பவர் பணத்திற்குப் பொறுப்பாளி. நீதிமன்றத்தில் நிற்பவரோ, ஆள் தவறாது வந்து நிற்பதற்குப் பொறுப்பாளி.

உறவினர் ஒருவர் கைதானால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் கொணர்தல் வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் ஜாமீன் பெறுவது அவரது உரிமை. ஏனைய குற்றங்களில் அது நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்தது. முச்சலிக்கையில் குறிக்கும் தொகை கட்டணமன்று. ஆனால், குறித்த நாளில் அவர் வாராவிடின் அத்தொகை ஜாமீன்தாரிடம் வசூலிக்கப்படலாம். ஆகையால் முன்பின் அறியாதவருக்காகக் கையொப்பமிடாதீர். கூலிக்கு ஜாமீன் நிற்போரையும் நாடாதீர்.

ஜாமீன் நிற்கத் தக்கவர் கிடைக்காவிடில் என் செய்வது? மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்னும் கொத்தனாரிடம் கீழ்க் கோர்ட்டு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது; சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவரை ஏற்கவும் மறுத்தது. 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கான சொந்த முச்சலிக்கையின் பேரில் அவரை விடுவிக்கப் பணித்தார். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படியும், ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்திற்குள் ஜாமீன்தாரைத் தர இயலாதவர் வறியவராகவே கருதப்படுவார். அவரைச் சொந்த முச்சலிக்கையில் விடல் வேண்டும்.

காவலில் உள்ளவர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். அதற்கான தொலைபேசி எண் 15100. நன்கறிந்த அயலாருக்கு, பொறுப்பை உணர்ந்து ஜாமீன் நிற்பதும் கூட்டுறவே.