கோச்சி திரும்பி வரும் ஊருக்கு

எங்கள் சாகாமத்தில் கோச்சிச் சத்தம் கேட்டதில்லை. எங்களுக்குக் கோச்சி, அதாவது ரயில், என்றால் அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி என்று பஸ்ஸில் குலுங்கிப் போய் மட்டக்களப்பு ஸ்டேசனில் ஏறுவதுதான். 1928இல் அங்கு வந்த தண்டவாளம் அதற்குத் தெற்கே ஒரு அடியும் நகரவில்லை. கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்டுவோம் என்ற பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் ஓடிவரும்.

ஆகவே இந்தக் குறிப்புகள் முதலில் எங்களுக்கல்ல. ஓடி, நின்று, பல வருடம் கழித்துத் திரும்ப ஓடத் தொடங்கும் பாதைகளின் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் அவற்றைத் திறக்கிறவர்களுக்கும். வடக்கில் அதைப் பார்த்தோம். 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போரில் இரு தரப்பின் பதுங்குகுழிகளுக்கும் போயின. இந்தியக் கடனில் இர்கோன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டு, 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போனது. தலைமன்னாருக்கு 2015 மார்ச் 14. இடையில் 24 வருடம். கோச்சியை ஒருமுறையும் காணாத பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையின் கடவையைக் கடக்கிறது. 2021 மார்ச்சில் தலைமன்னார்ப் பியர் கடவையில் பஸ்ஸும் கோச்சியும் மோதி ஒரு மாணவன் இறந்தான். பாதை திறந்து ஆறு வருடமாகியும் ஊர் பாதைக்குப் பழகவில்லை, பாதையும் ஊருக்குப் பழகவில்லை.

செய்ய வேண்டியவை

காணிப் பிரச்சினையை முதலில் தீருங்கள். பாதை கிடந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். எல்லைக் கல் நடுவதற்கு முன் அவர்களுக்கு மாற்று நிலத்தைக் காட்டுங்கள். கல் நட்ட பிறகு காட்டினால் அதற்குப் பெயர் வேறு.

கடவைகளை நடந்து எண்ணுங்கள். பழைய வரைபடத்தை விரித்து வைத்து எண்ணக்கூடாது. பாதை செத்துக் கிடந்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குறுக்கு வழி, வயல் வட்டைக்கு ஒரு உழவு இயந்திரத் தடம், பட்டி மாடு தண்ணிக்கு இறங்க ஒரு பள்ளம் என்று ஊர் தன் பாட்டுக்கு வழி போட்டிருக்கும். விடியற்காலையில் ஒருமுறை, பள்ளி விடும் நேரம் ஒருமுறை, அறுவடைக் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். வரைபடத்தில் இல்லாத கடவைக்கு மணியும் வராது, விளக்கும் வராது. ஒரு வழியை மூடுவதானால் கிட்டவே இன்னொன்றைத் திறந்துவிட்டு மூடுங்கள். யானைக்கும் கடவை உண்டு: 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பிலிருந்து போன மீனகயா கோச்சி மோதி ஆறுக்குக் குறையாத யானைகள் செத்தன. சாகாமத்தார் யானை வழியை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அதிகாரிகள்தான் எங்களிடம் கேட்கவேண்டும்.

கைகாட்டி மரத்தை இரும்புக்கு விற்காதீர்கள், திருத்துங்கள். கை கிடையாக நின்றால் நில், கீழே சரிந்தால் போ. அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால், எதிர்ப்பக்கத்து எடை கையைத் தானாகவே ‘நில்’லுக்குக் கொண்டுவந்துவிடும். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெட்டுப்போகும்படி செய்த சாமான் அது. ஆனால் அச்சில் துரு இறுகியிருந்தால் எடை இழுத்தாலும் கை அசையாது. கடற்கரை உப்புக்காற்றில் இதுதான் முதல் நோய். ஆகவே பெயின்ற் கடைசி வேலை, கிறீஸ் முதல் வேலை. திறப்பு விழாவுக்கு முன்னால் நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வார்கள்.

தண்டவாளத்தின் தலையில் உள்ள துருவையும் மறக்காதீர்கள். பல கடவைகளில் மணியும் சிவப்பு விளக்கும் வேலை செய்வது இப்படித்தான்: இரண்டு தண்டவாளத்திலும் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கோச்சியின் சக்கரமும் அச்சும் அவற்றை இணைத்ததும் விளக்கு எரியும். துருப் படை தடித்திருந்தால் அந்த இணைப்புச் சரியாக விழாது. கோச்சி வரும், மணி அடிக்காது. நாளுக்கு ஒரே ஒரு வண்டி ஓடும் பாதையில் இந்தப் பயம் எப்போதும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் அச்சுகளை எண்ணும் கருவி நல்லது.

கேட்காரருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். சொற்பப் பணத்துக்கு மூங்கில் கேட் தூக்கி இறக்கும் ஆட்கள் நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் இறங்கியதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அவர் கையில் ரெலிபோனும், தலைக்கு மேல் கூரையும், பக்கத்தில் ஒரு மலசலகூடமும் இருக்கவேண்டும்.

வாகனக்காரர் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நிறுத்துங்கள். பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் பாருங்கள். உழவு இயந்திரக்காரர் பின்பெட்டியையும் சேர்த்து நீளத்தை நினைக்கவேண்டும். தலை கடந்தால் போதாது.

செய்யக்கூடாதவை

மூடிய கேட்டைச் சுற்றிப் போகாதீர்கள். 2005 ஏப்ரல் 27, அலவ்வைக்குக் கிட்ட யாங்கல்மோதர. இன்னொரு பஸ்ஸோடு போட்டி போட்ட பஸ் மூடியிருந்த கேட்டைச் சுற்றி நுழைந்தது. 35க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

திறந்த கேட்டையும் நம்பாதீர்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூருக்குப் பக்கத்துச் செம்மங்குப்பத்தில் பள்ளி வானை ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாதது. பிணைத்திருந்தால் கேட் மூடும்வரை ரயிலுக்கு வழி கிடைக்காது, ஒரு ஆளின் தூக்கமோ மறதியோ உயிர் வாங்காது. ஆளில்லாக் கடவைகளை அகலப்பாதையில் 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்ட இந்தியாவிலேயே இது நடந்தது. புதிதாக உயிர்பெறும் பாதையில் பிணைக்காத கேட்டை வைப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

பழைய கைகாட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் போடாதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள். அதனால் ‘போ’ என்பதற்குரிய கண்ணாடியை நீலம் கலந்து செய்தார்கள், மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாகத் தெரியும். வெள்ளை வெளிச்சம் வைத்தால் சாரதிக்குத் தெரிவது நீலம். பழையதை மீட்கிறேன் என்று போகிறவர்கள் இதில்தான் வழுக்குவார்கள்.

கடவையிலும் பாதை ஓரத்திலும் நெல் காயப்போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் தார் வீதி கண்டால் படங்கு விரிக்கும் கை சும்மா இராது, தெரியும். நெல்லுக்கு மாடு வரும், மாட்டை விரட்டப் பிள்ளை வரும்.

தண்டவாளத்தை ஒட்டி நடக்காதீர்கள். பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே இரண்டடியளவு நீட்டிக்கொண்டு வரும். ஹோர்ன் கேட்டதும் சாரதி நிறுத்திவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். வேகமாக வரும் கோச்சி நிற்க ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட வேண்டும்.

போர் நடந்த இடத்தில் பாதையோரம் கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள், எடைக்கு விற்க ஆசைப்படாதீர்கள். கண்ணிவெடி அகற்றிய சான்று வரும்வரை விறகுக்கும் உள்ளே போகவேண்டாம்.

பிள்ளைகளைத் தண்டவாளத்தில் காசு வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்க்க விடாதீர்கள். சொல்வதற்கு எனக்கு வாயில்லை. எட்டு வயதில் மட்டக்களப்பில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது 25 சதம் ஒன்றை வைத்துவிட்டு வேலி மறைவில் இருந்தேன். கோச்சி போனதும் ஓடிப்போய் எடுத்தேன். தட்டையாகிச் சுட்டது. மாமா அதைப் பறித்துப் பார்த்தார், முதுகில் ஒன்று வைத்தார், பிறகு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.