கீழூருக்கு ஒரு நியாயம், கோவாவுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: ஆகஸ்ட் 16 அன்று கீழூரில் கொடியேற்றிய செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெரு டீக்கடையில் பெரிய வாக்குவாதம். "கோவாவை ராணுவம் இரண்டே நாளில் பிடித்தது. நம்மை மட்டும் ஏறக்குறைய எட்டு வருஷம் காகிதத்துக்காகக் காக்க வைத்தார்கள். டெல்லிக்கு பிரெஞ்சுக்காரன் என்றால் பயம்" என்றார் ஒருவர். "மனுஷன் பிறவியிலேயே சண்டைக்காரன், சர்வதேச சட்டமெல்லாம் பலசாலி எழுதுவது" என்றார் ஒரு பெரியவர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர், "இலங்கைக் கடற்படை காரைக்கால் ஆட்களைச் சுட்டதே, அப்போது ஏன் இந்தியா திருப்பி அடிக்கவில்லை?" என்று கேட்டார். உண்மையில் எந்தப் போர் நியாயமானது ஐயா?
– வாசகர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

பதில்: கோவாவிலிருந்தே தொடங்குவோம். அதைச் சரியாகப் பிரித்துப் பார்த்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

1945-இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனம் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் தடுக்கிறது. விலக்கு இரண்டுதான். ஒன்று, தன்மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்வது. மற்றது, பாதுகாப்பு சபையே அனுமதிப்பது. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே அந்தப் பிரிவுகளில் இடமில்லை. வீடு உங்களுடையதாகவே இருக்கலாம். குடியிருப்பவர் காலி செய்யவில்லை என்று ஆள் திரட்டிப்போய்ப் பூட்டை உடைத்தால் போலீஸ் உங்களைத்தான் பிடிக்கும். உள்ளூரிலாவது கோர்ட்டுக்குப் போகலாம். சர்வதேச நீதிமன்றத்தில் இரு நாடுகளும் அதன் அதிகாரத்துக்குச் சம்மதித்திருந்தால்தான் வழக்கே நிற்கும். கோவா விவகாரத்தின் முழுச் சிக்கலும் இந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

இந்தியாவின் உரிமைக் கோரிக்கை இரண்டு ஊர்களுக்கும் ஒன்றே. கடல் கடந்து வந்த ஓர் ஐரோப்பிய நாடு பிடித்து வைத்திருக்கும் மண், அங்குள்ள மக்கள் நம்மவர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்தான் வேறு. 1948 ஜூனிலேயே பிரான்ஸ், தன் குடியேற்றங்களின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே சந்திரநாகூர் வாக்களித்து இந்தியாவின் பக்கம் வந்துவிட்டது. புதுச்சேரியில் இழுபறி.

அந்த இழுபறியை அகிம்சைக் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நடந்தது அவ்வளவு சாதுவானதல்ல. இந்தியா சுங்கச் சாவடி போட்டது, பெர்மிட் கேட்டது, சரக்கு வரத்தை நெருக்கியது. 1954 மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கமும், ஜூனில் ஏனாமும், ஜூலையில் மாஹேயும் இணைப்பு ஆதரவாளர்கள் கைக்குப் போயின. ஆனால் இந்திய ராணுவம் எல்லையைத் தாண்டவில்லை. அதற்குள் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை மே 7-இல் சரணடைந்திருந்தது. ஜூனில் பாரிஸில் ஆட்சிக்கு வந்த மெண்டெஸ் பிரான்ஸ், நஷ்டக் கணக்கை முடிக்க விரும்பியவர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆகிவிட்டது. காரணம் அல்ஜீரியா. புதுச்சேரியை எழுதிக் கொடுத்தால் அல்ஜீரியாவும் அதையே கேட்கும் என்று பாரிஸில் பலருக்கு உதறல். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் நம் ஒப்பந்தமும் அங்கே நிறைவேறியது. ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நாம் இந்தியா.

கோவாவில் எதிரே இருந்தவர் போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசார். 1950-இல் இந்தியா பேச்சுக்கு அழைத்தது. கோவா காலனியே இல்லை, போர்ச்சுகலின் ஒரு மாகாணம், அதில் பேச என்ன இருக்கிறது என்பதுதான் லிஸ்பனின் நிலை. 1951-இல் அரசியல் சாசனத்தையே அதற்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். 1955 ஆகஸ்ட் 15-இல் எல்லை தாண்டி நடந்துபோன சத்தியாகிரகிகளைச் சுட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தனதென்று உரிமை கோரிய தாத்ரா, நகர் ஹவேலிக்குப் போகும் வழி பற்றி சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதும் போர்ச்சுகல்தான். 1960 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, தனி ஆட்களும் சரக்கும் போகலாம், ஆயுதமும் படையும் போக உரிமையில்லை என்றது. கோவா யாருடையது என்று அந்த நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை. லிஸ்பன் சம்மதிக்காமல் கேட்டிருக்கவும் முடியாது.

1961 டிசம்பர் 17 நள்ளிரவுக்குப் பின் இந்தியப் படை நுழைந்தது. 19-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். இடையில் 18-ஆம் தேதி பாதுகாப்பு சபை கூடியது. போரை நிறுத்து, படையைத் திரும்ப அழை என்ற தீர்மானத்துக்கு 7 ஓட்டு ஆதரவு, 4 எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் சோவியத் யூனியன் இருந்ததால் அது வீட்டோவாகி, தீர்மானம் விழுந்தது. இந்தியாவுக்காக நின்ற மற்ற மூவர் ஐக்கிய அரபுக் குடியரசு, லைபீரியா, இலங்கை. ஆம், உங்கள் மைத்துனர் கோபப்படும் அதே இலங்கை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் பிரான்ஸும் ஒன்று. அன்றைய தேதியில் தேங்காய்த்திட்டு சட்டப்படி இன்னும் பிரெஞ்சு மண்! நம் ஒப்பந்தம் பாரிஸில் அலமாரியில் கிடக்கும்போது, இந்தியா போர்ச்சுகல் மீது பாய்வதை பிரான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் காக்க வைத்தது பயமா, நிதானமா என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் கோவா நடவடிக்கை சட்டப்படி சரியா? என் கருத்து: சரியில்லை. 1510-இல் பிடித்த மண்ணை இன்னும் வைத்திருப்பதே தொடரும் ஆக்கிரமிப்பு என்று இந்தியா வாதிட்டது. காலனிகளுக்கு விடுதலை தர வேண்டும் என்ற 1960 டிசம்பர் ஐ.நா. பிரகடனத்தையும் காட்டியது. பிரகடனம் விடுதலை கொடு என்றது. படையெடு என்று சொல்லவில்லை. பழைய ஆக்கிரமிப்பு எப்போது வேண்டுமானாலும் புதிய போருக்கு அனுமதிச் சீட்டு என்றால் உலகத்தில் எந்த எல்லைக்கோடும் மிஞ்சாது. 1982-இல் அர்ஜென்டினா கிட்டத்தட்ட இதே வாதத்தோடு பாக்லாந்து தீவுகளில் இறங்கியபோது, பாதுகாப்பு சபை உடனே வெளியேறச் சொல்லித் தீர்மானம் போட்டது; சோவியத் யூனியன்கூட வீட்டோ போடவில்லை. 1961 நவம்பரில் அஞ்சதீவிலிருந்து போர்ச்சுகல் வீரர்கள் இந்தியக் கலங்களை நோக்கிச் சுட்டது உண்மை. அது கண்டிக்கத்தக்கது. ஆனால் ஒரு பிரதேசம் முழுவதையும் பிடிக்க அது போதிய காரணம் ஆகாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நியாயம் என்று பார்த்தால், பதினோரு வருஷம் கதவைத் தட்டியாகிவிட்டது, எதிராளி பேசவே மாட்டேன் என்கிறார், உள்ளே உள்ள மக்களுக்கு வாக்கும் இல்லை, செய்த காரியமும் அளவோடு, சில பத்து உயிர்களோடு முடிந்தது. போரின் நியாயத்தைப் பற்றி எழுதியவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு கோவா தேறும். சட்டத்தில் தோற்கும், நியாயத்தில் தேறும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் மேடைப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு விலையும் இருந்தது. சலாசார் ஆட்சியின் வாரிசுகள் கவிழ்ந்த பிறகு, 1974 கடைசியில்தான் போர்ச்சுகல் கோவாவின் இணைப்பை ஏற்றது. அதைவிட எனக்கு உறைப்பது நகைக் கதை. கோவா மக்கள் போர்ச்சுகீசிய வங்கியில் அடகு வைத்திருந்த நகைகளை, படை வருவதற்கு முன்பே மூட்டை கட்டி லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவை திரும்பி வந்தது 1991-இல். மகள் கல்யாணத்துக்கு மீட்டுவிடலாம் என்று வைத்த தாலிக்கொடி, பேத்தி கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கே என்ன நடந்தது? உட்கார்ந்து பேசியதால் ஒப்பந்தத்திலேயே குடியுரிமைத் தேர்வு, பென்ஷன், பள்ளி, கல்வி நிறுவனங்கள் எல்லாம் எழுதிக்கொள்ளப்பட்டன. உங்கள் தெருவிலேயே பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பென்ஷன் என்றதும் பெரியவரின் கேள்விக்கு வந்துவிடலாம். மனிதன் பிறவிச் சண்டைக்காரன் என்பதற்கு நம் ஊர் சொல்தாக்களே மறுப்பு. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரிக்காரர்களுக்கு வியட்நாமியன் மீது என்ன பகை? சம்பளம், குடும்பம், ரிடையர் ஆனால் வரும் பணம். ஜூலை 14-இல் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தின் முன் மெடல் குத்திக்கொண்டு நிற்பவர்களிடம் பேசினால் கோபத்தைப் பற்றி அல்ல, பட்டாலியனைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் சொல்வார்கள். மனிதனுக்குக் கோபம் உண்டு, அடிதடியும் உண்டு. அதற்கு மேல் போர் நடக்க கஜானாவும், உத்தரவும், குமாஸ்தாவும் வேண்டும். 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய விஞ்ஞானிகள், போர் மனித மரபணுவிலேயே இருக்கிறது என்று சொல்வது அறிவியல்படி தவறு என்று அறிக்கை வெளியிட்டார்கள். பின்னர் யுனெஸ்கோவும் அதை ஏற்றது. அந்த அறிக்கை சற்று அவசரமாக எழுதப்பட்டது என்றே நினைக்கிறேன், ஆனால் திசை சரி.

பழிக்குப் பழி மட்டும் பழைய வியாதி. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதல் சண்டை உங்கள் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் கோட்டையில். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தார். 1761 ஜனவரியில் லாலி சரணடைந்ததும், கடலூருக்குப் பதிலாக ஆங்கிலேயர்கள் புதுச்சேரியின் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளைக்காரத் தெருக்கள் அதற்குப் பிறகு எழும்பியவை. வெள்ளைக்காரன் மட்டும்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம். போருக்கு முன் பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும் என்று அறிவித்ததாக முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் புகழும் புறநானூற்றுப் பாட்டை மேடைதோறும் சொல்கிறோம். அதே புலவர், அதே மன்னனை, பகைவர் ஊர்த் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததற்காகவும் புகழ்ந்திருக்கிறார். அதை யாரும் சொல்வதில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு, ராணுவத் தேவையில்லாமல் ஊரை இடிப்பது குற்றம். இன்றும் இடிக்கிறார்கள். ஆனால் செய்துவிட்டுப் பெருமையாகக் கல்வெட்டு வைப்பதில்லை. இல்லவே இல்லை, அங்கே ஆயுதக் கிடங்கு இருந்தது என்று வக்கீலை வைத்துப் பொய்யாவது சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் பலசாலி எழுதுவது என்பது பாதி உண்மை. பலசாலியும் அதற்குப் பதில் சொல்லித் திணற வேண்டியிருக்கிறது என்பது மீதி.

உங்கள் மைத்துனருக்கு. 2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐந்து பேர் காயமடைந்தார்கள், இருவருக்கு பலத்த காயம். இந்தியா டெல்லியில் இருந்த இலங்கையின் தற்காலிகத் தூதரை அழைத்துக் கண்டித்தது. போர் தொடுக்க இது காரணமாகுமா என்றால், ஆகாது. 1986-இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், எல்லையில் நடக்கும் சில்லறைச் சம்பவத்தையும் தற்காப்புப் போருக்கு உரிமை தரும் ஆயுதத் தாக்குதலையும் பிரித்துக் காட்டிவிட்டது. அதனால் சுட்டவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. 1999-இல் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம், 'சாய்கா' என்ற கப்பலை கினி நாடு சுட்டுப் பிடித்த வழக்கில், கடலில் ஒரு கலத்தை நிறுத்த முதலில் சைகை, எச்சரிக்கை, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அளவான பலம் என்று வரிசை சொல்லியிருக்கிறது. நிராயுதபாணி மீனவரின் காலில் பாயும் குண்டை அந்த வரிசையில் முதலில் வைக்க முடியாது. படகு எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தாலும் இதுவே விதி. ஆகவே கோடு தாண்டியது தெரிந்துவிடுமே என்று பயந்து படகின் ஜி.பி.எஸ். பதிவை யாரும் அழிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் கடலோரக் காவல் நிலையத்தில் வாக்குமூலம், ஆஸ்பத்திரியில் காயச் சான்று, அந்தப் பதிவின் நகல். மூன்றும் மீன்வளத்துறை மூலம் டெல்லிக்குப் போனால்தான், அடுத்த முறை தூதரைக் கூப்பிடும்போது மேஜையில் வைக்க ஏதாவது இருக்கும்.