வாயில்லா உயிரும் வலிநீக்கும் செடிகளும்

நாயின் காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலி எவ்வளவு என்று அதனால் சொல்ல இயலாது. வலி தெரியாமல் சிகிச்சை அளிக்கும் பொறுப்பு கால்நடை மருத்துவரையே சேர்கிறது. அவருக்குக் கைகொடுக்கும் மருந்துகள் சிலவற்றின் தொடக்கம் செடிகளில்தான் இருக்கிறது.

அபினிச் செடியின் பால் வலியைத் தணிக்கும் என்பதைப் பண்டைய மக்களே அறிந்திருந்தனர். ஆனால், அப்பாலின் வீரியம் செடிக்குச் செடி மாறுபடும். ஒரே அளவு கொடுத்தாலும் ஒருமுறை வலி குறையாது. மறுமுறை உயிருக்கே ஆபத்தாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடரிக் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர், அப்பாலிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்தார். அதை நாய்களுக்குக் கொடுத்தும் சோதித்தார். மருந்தைத் துல்லியமாக அளந்து கொடுக்க இதனால் வழி பிறந்தது. இன்று நாய்களின் வலியைத் தணிக்கவும் மார்ஃபின் பயன்படுகிறது.

தென் அமெரிக்க மலைவாழ் மக்கள் மெல்லும் கோக்கா இலை நாக்கை மரத்துப்போகச் செய்யும். அதிலிருந்து எடுக்கப்பட்ட கொக்கைன் கண்ணையும் மரத்துப்போகச் செய்யும் என்பதை 1884இல் கார்ல் கொல்லர் மெய்ப்பித்தார். எனினும், அது மனிதரை அடிமையாக்கும் பொருள். ஆகவே, பாதுகாப்பான மாற்று மருந்தை அறிவியலாளர்கள் தேடினர். சுவீடனில் வாற்கோதுமைச் செடியை ஆராய்ந்தபோது, அதிலுள்ள ஒரு பொருளை ஒத்த மற்றொன்று நாக்கை மரத்துப்போகச் செய்வது தெரியவந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 1943இல் லிடோகைன் உருவானது. இன்று நாய்களின் சிகிச்சையில் இதுவும் இடம்பெறுகிறது.

நாய் அசையாமல் கிடந்தால் வலி தெரியவில்லை என்று கொள்ளலாமா? கூடாது. தென் அமெரிக்கக் காட்டுக் கொடிகளிலிருந்து எடுக்கப்படும் குராரே என்னும் நஞ்சு, வேட்டை அம்புகளில் பூசப்பட்டது. அது தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால், உணர்வைப் போக்காது. குராரே கொடுக்கப்பட்ட விலங்கு கத்தவோ காலை இழுத்துக்கொள்ளவோ முடியாது. வலியை மட்டும் முழுமையாக உணரும். அசையாதிருப்பது வேறு, வலியறியாதிருப்பது வேறு.

ஆகவே, புதிய செடிச்சாறு ஒன்று மயக்கம் தரக்கூடும் எனத் தோன்றினால், ஆய்வாளர்கள் பலவற்றையும் கவனிக்கின்றனர். வலி உண்மையிலேயே நீங்குகிறதா? மூச்சும் நாடித்துடிப்பும் சீராக உள்ளனவா? நாய் நலமாக விழித்தெழுகிறதா? இவை யாவும் உறுதியானால்தான் அச்சாறு மருந்தாகும்.

மனிதருக்கு ஏற்றது நாய்க்கும் ஏற்றது என்றும் சொல்ல முடியாது. நாம் விரும்பி உண்ணும் சாக்லெட் கொக்கோ மரத்தின் விதையிலிருந்து வருகிறது; அதே சாக்லெட் நாய்க்கு நஞ்சு. எனவே, மூலிகைதானே என்று எண்ணி, மருத்துவரைக் கேட்காமல் செல்லப்பிராணிக்கு எதையும் கொடுத்தல் ஆகாது. தன் வலியைச் சொல்ல முடியாத உயிருக்காக நாம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
வீரியம் – ஆற்றல்
மரத்துப்போதல் – உணர்ச்சியற்றுப் போதல்
மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்

கருத்துணர் வினாக்கள்
1. அபினிப் பாலை அப்படியே மருந்தாகக் கொடுப்பதில் இருந்த சிக்கல் யாது?
2. குராரேவை ஏன் மயக்க மருந்து எனக் கூற முடியாது?
3. ‘இயற்கையானவை யாவும் பாதுகாப்பானவை.’ இக்கூற்றைப் பற்றிய உன் கருத்தை இரண்டு காரணங்களுடன் எழுதுக.