பனியும் துப்பாக்கியும்

நம் முத்தாபுதுப்பேட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். இங்கிருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிக் கட்டுரையா என்று தோழியர் நகைக்கலாம். ஆயினும் பயத்லான் என்னும் விளையாட்டைப் பற்றிப் படித்தது முதல் அது என் நினைவை விட்டு அகலவில்லை.

தோளில் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியைச் சுமந்து, பனிமேல் கிலோமீட்டர் கணக்கில் சறுக்கி ஓட வேண்டும். இடையிடையே நின்று 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் அகலம் 45 மில்லிமீட்டர்; நின்று சுடும்போது 115. தவறும் ஒவ்வொரு குறிக்கும் 150 மீட்டர் வட்டத்தைக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். நீண்ட போட்டியிலோ ஒரு நிமிடம் கூட்டப்படும். துப்பாக்கி, நம் என்.சி.சி. மாணவியர் பயிலும் பாயின்ட் டூ டூ அளவுடையதே.

இதில் என்ன கடினம் என்று நானும் எண்ணினேன். ஒரு நாள் மைதானத்தை இருமுறை சுற்றி ஓடி வந்து, உடனே ஊசியில் நூல் கோக்க முயன்றேன். நான்கு முறை தவறிற்று. நெஞ்சு துடிக்கும்போது விரலும் சேர்ந்து துடிக்கிறது! மறுமுறை மூச்சு அடங்கும்வரை நின்றேன். நூல் உடனே நுழைந்தது. ஆனால் என்னுடன் ஓடிய தோழி அதற்குள் கோத்து முடித்துவிட்டாள். காத்திருந்தால் நேரம் போகும், அவசரப்பட்டால் குறி போகும். பயத்லான் வீராங்கனையின் வாழ்க்கை முழுதும் இந்த இழுபறிதான்.

கனடாவின் மிரியம் பெடார் சிறுமியாய் இருந்தபோது ஸ்கேட்டிங் பயின்றவர். பின்னர் இராணுவ மாணவர் படையில் சேர்ந்து, நம் வயதில் முதல் பயத்லான் பந்தயத்தில் இறங்கினார். வாடகைக்கு எடுத்த பூட்ஸ் பெரிதாயிருந்ததால் உள்ளே காகிதம் திணித்துக்கொண்டு ஓடினாராம்! ஒலிம்பிக்கில் ஆடவருக்கு 1960இலேயே இருந்த இப்போட்டி, பெண்களுக்கு 1992இல்தான் கிடைத்தது. அவ்வாண்டே 15 கிலோமீட்டரில் வெண்கலம் வென்றார். 1994இல் நார்வேயின் லில்லஹாமரில் இரண்டு தங்கம். 7.5 கிலோமீட்டரில் இரண்டாமவரை அவர் முந்தியது 1.1 வினாடியே, மூன்றாமவர் 1.2 வினாடி பின்தங்கியிருந்தார். தாம் அணிந்த சறுக்குக் கட்டைகள் இரண்டும் ஒரே ஜோடி அல்ல என்பது பந்தயம் முடிந்த பிறகே அவருக்குத் தெரிந்ததாம்.

நம் நாட்டில் பனிச்சறுக்கு இல்லாமலில்லை. காஷ்மீரத்தின் குல்மார்க்கில் 1948 முதல் இயங்கும் இராணுவப் பள்ளியில் வீரர்கள் அதனைப் பயில்கின்றனர். 1988இல் கனடாவின் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் என்னும் நம் நாட்டுப் பெண் பனிச்சறுக்கில் 28ஆம் இடம் பெற்றார். அவ்விழாவில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவரே. ஆனால் அவர் தோளில் துப்பாக்கி இல்லை.

தங்கம் வென்ற ஆண்டின் முடிவில் பெடாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. 1998இல் ஜப்பானின் நகானோவுக்கு மீண்டும் வந்தார், பதக்கம் கிட்டவில்லை. இதைச் சொல்லி நான் வருத்தப்பட்டபோது என் அம்மா, "கைக்குழந்தையை வளர்த்துக்கொண்டே மறுபடியும் அத்தனை தூரம் ஓடினாளா!" என்று வியந்தார்கள்.