இல்லத்தை விட்டுப் புறப்படும் முதல் ஆண்டு

இந்தப் பாடம் சிறுவர் இல்லங்களில் வளர்ந்து, எஸ்.பி.எம். எழுதிவிட்டு வெளியே வரப்போகிறவர்களுக்காக. வீட்டில் வளர்பவர்களும் படியுங்கள். அப்படி ஒரு நண்பர் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி 18 வயது நிறையாதவரே சிறார். எஸ்.பி.எம். முடிந்த கையோடு அந்த வயதும் வந்துவிடுகிறது. மற்ற பிள்ளைகள் "ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லலாம். அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது. உங்களுக்கு அந்த ஓர் ஆண்டு திட்டத்தோடு அமைய வேண்டும்.

ஜொகூரில் நான் சமய வகுப்பு எடுக்கும்போது, "18 ஆனதும் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பேன். பலர் "சிங்கப்பூர் வேலைதான் அண்ணா" என்பார்கள். தப்பில்லை, பாலத்தைத் தாண்டினால் சம்பளம் கூடுதல்தான். ஆனால் விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பி, சில வருஷம் கழித்தும் கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் நிற்பவர்களையும் பார்க்கிறேன்.

சத்தியகாமன் காட்டும் வழி

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் என்றொரு பையன். குருகுலத்தில் சேர ஆசை. என்ன கோத்திரம் என்று அம்மா ஜபாலையிடம் கேட்டால், அவருக்கே தெரியவில்லை. பல இடங்களில் பணிவிடை செய்து பிழைத்தவர் அவர். பையன் அதை மறைக்காமல் கௌதம முனிவரிடம் அப்படியே சொன்னான். உண்மை பேசினான் என்பதற்காகவே முனிவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு 400 மெலிந்த பசுக்களை ஒப்படைத்தார். அவை 1,000 ஆகாமல் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் காட்டுக்குப் போனான். திரும்பும் வழியில் காளை, நெருப்பு, அன்னம், நீர்ப்பறவை என நான்கும் ஆளுக்கொரு பாதமாக அவனுக்கு ஞானம் போதித்தன.

அவனிடம் குலப்பெயர் இல்லை. ஆனால் செய்யும் வேலையும், எட்ட வேண்டிய எண்ணும், திரும்பிப் போக ஒரு குருவும் இருந்தார்கள். நம் ஆண்டையும் அப்படி நான்கு பாதமாகப் பிரிப்போம்.

முதல் மூன்று மாதம்: பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் இரண்டையும் கேட்டு வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். 18 வயதில் மைகார்டை மாற்ற வேண்டும். குடியுரிமையில் சிக்கல் இருந்தால், இல்லத்தில் இருக்கும்போதே பொறுப்பாளரிடமும் சமூக நல அதிகாரியிடமும் சொல்லுங்கள். அது சீக்கிரம் முடிகிற காரியமல்ல.

இரண்டாவது: வேலையும் தங்குமிடமும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இ.பி.எஃப்., சொக்சோ பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ரூம் வாடகைக்கு முன்பணமும் வேண்டும். மூன்று மாத வாடகை சேரும்வரை புது கைப்பேசி வேண்டாம்.

மூன்றாவது: கைத்தொழில். பாசிர் கூடாங், பத்து பகாட் போன்ற இடங்களில் உள்ள அரசாங்கப் பயிற்சிக் கழகங்களில் மலேசியத் திறன் சான்றிதழ் படிக்கலாம். விடுதி கிடைத்தால் தங்குமிடக் கவலையும் தீரும். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்பதை முதல் மாதமே கேட்டு எழுதி வையுங்கள்.

நான்காவது: சேவையும் உறவும். மாதம் ஒரு நாள் நீங்கள் வளர்ந்த இல்லத்துக்குப் போய் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்கும் போன் எடுக்கக்கூடிய பெரியவர் ஒருவரையாவது தேடிக்கொள்ளுங்கள். நான்கு பாதமும் கற்ற பிறகும் சத்தியகாமன் குருவிடம் போய், நீங்களே சொல்லித் தரவேண்டும் என்றுதான் கேட்டான்.

கலந்து பேசுவோம்

1. இந்த ஆண்டு முடிவில் உங்கள் "1,000 பசுக்கள்" எது? ஒரே வரியில் எழுதுங்கள்.
2. உங்களிடம் இல்லாத பத்திரம் எது? யாரிடம் கேட்பீர்கள்?
3. வீட்டில் வளர்கிறவர்களே, இல்லத்திலிருந்து வரும் நண்பருக்கு உங்கள் குடும்பம் செய்யக்கூடிய ஒரு உதவி என்ன?