2 சத டி.ஏ.பி. கரைசல் தயாரிப்பது எப்படி?

உளுந்துப் பயிர் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் பூ உதிர்வது குறையும், மணி திரட்சியாகும். ஆனால் பலர் உரத்தைக் கைப்பிடிக் கணக்கில் கலக்கிறார்கள். கூடினால் இலை கருகும். குறைந்தால் தெளித்த கூலி வீண்.

100 லிட்டர் கரைசலில் 1 கிலோ உரம் இருந்தால் அது 1 சதம். லிட்டருக்கு 10 கிராம். 2 சதத்துக்கு 20 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 4 கிலோ தேவை. மளிகைக் கடைத் தராசிலாவது நிறுத்துக்கொள்ளுங்கள்.

டி.ஏ.பி. உடனே கரையாது. முதல் நாள் மாலையே சுமார் 8 லிட்டர் நீரில் ஊறவைத்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். மறுநாள் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். வண்டல் கலந்தால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். வடித்ததை நீர் சேர்த்து 10 லிட்டராக்குங்கள்.

இதில் அரை லிட்டரை 10 லிட்டர் டேங்கில் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்பினால் 2 சதம். 16 லிட்டர் டேங்க் என்றால் 800 மில்லி. பலர் தவறுவது இங்கேதான்: 200 லிட்டர் தண்ணீரோடு இந்தப் பத்தையும் சேர்க்கக்கூடாது, பத்தும் சேர்ந்துதான் 200.

வெயில் தணிந்த மாலையில், இலை நன்றாக நனையும்படி தெளியுங்கள்.