தொழிலில் வேரூன்றல்: வழிகாட்டுநரும் நல்ல வேலைத்தலமும்

புதிய நாட்டில் வேலையொன்று கிடைத்தவுடன் பாதி வழி கடந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். ஆயினும், திறமை மிக்க நம்மவர் பலர் முதல் வேலையிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதை நாம் காண்கின்றோம். வேலையின் நுணுக்கங்களைச் சொல்லித்தர ஒருவர் இல்லாமையும், கேள்வி கேட்க இடந்தராத வேலைத்தலமும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. இவ்விரண்டையும் இப்பாடம் ஆராய்கின்றது.

1. ஒரு சொல் தந்த பாடம்

இவ்வாக்கத்தை எழுதுபவர் இலங்கையில் சட்டம் பயின்று, சிட்னிக்கு வந்த புதிதில் சிறிய சட்ட அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். ஒருநாள் மேலாளர் ஒரு கோப்பைக் கொடுத்து, "வியாழக்கிழமை இரண்டு மணிக்கு செட்டில்மெண்ட்" என்றார். வழக்கில் இருதரப்பும் இணக்கத்துக்கு வருவதையே அச்சொல்லின் பொருளாக நான் அறிந்திருந்தேன். எனவே தலையாட்டிவிட்டு, இணக்க வரைவொன்றைத் தயாரிக்கத் தொடங்கினேன். ஆனால், இங்கு வீடு விற்பனையில் பணம் செலுத்தி உரிமையைக் கைமாற்றி முடிப்பதையும் அச்சொல்லே குறிக்கின்றது. அந்நாட்களில் அதற்கு வங்கிக் காசோலைகளை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும். நான் ஒன்றையும் பெறவில்லை.

புதன்கிழமை பிற்பகல், மூத்த எழுதுவினைஞரான ஓர் அம்மையார் அதைக் கண்டுகொண்டார். அன்றே வங்கிக்குச் சென்று காசோலைகளைப் பெற உதவினார். தாமதமாகியிருந்தால், வீடு வாங்கும் குடும்பத்தினர் ஒப்பந்தப்படி வட்டி செலுத்த நேர்ந்திருக்கலாம். பின்னர் அவர் என்னை மேலாளரிடம் அழைத்துச் சென்று, நடந்ததை என் வாயாலேயே சொல்லச் செய்தார். மேலாளர் கோபிக்கவில்லை, புதியவர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டுமெனக் குறித்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கால் மணி நேரம் அந்த அம்மையார் என் ஐயங்களைத் தீர்த்துவைத்தார். தவறைத் திருத்தியவர் வழிகாட்டுநர். அதைச் சொல்ல இடந்தந்தது நல்ல வேலைத்தலம்.

பெரியோர் முன் எதிர்க்கேள்வி கேளாது தலையாட்டுவது நமக்கு மரியாதை. இங்குள்ள மேற்பார்வையாளரோ, தலையாட்டினால் விளங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். "நான் விளங்கிக்கொண்டது சரிதானா?" என்று பணியைத் திருப்பிச் சொல்லிக் கேட்பது அவமரியாதையன்று.

2. வழிகாட்டுநரைத் தேடுதல்

மேற்பார்வையாளர் உங்கள் வேலையை மதிப்பிடுபவர். வழிகாட்டுநர் அவ்வாறு மதிப்பிடும் கடமை இல்லாதவராக இருப்பின், நீங்கள் தயக்கமின்றிப் பேச முடியும். பின்வரும் முறை பயன்தரும்:

• அதே தொழிலில் சில ஆண்டுகள் முன்னே நிற்கும் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். அவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை.
• "எனக்கு வழிகாட்டுவீர்களா?" என்று பெரிய பொறுப்பைச் சுமத்தாது, "இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா?" எனக் கேட்டு, ஒரு தெளிவான கேள்வியுடன் செல்லுங்கள்.
• அவர் கூறியதைச் செய்துபார்த்து, விளைவை அவருக்குத் தெரிவியுங்கள். உறவு நீடிப்பது இதனாலேயே.
• கற்றதையும் செய்ததையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். பதவி உயர்வுக்கும், முன்னைய அனுபவத்தைக் கணக்கிலெடுக்கும் தொழிற்கல்விச் சான்றிதழ்களுக்கும் அது ஆதாரமாக உதவும்.

3. நல்ல வேலைத்தலத்தை அறிதல்

தவறு நேர்ந்தால் "யார் செய்தது?" என்பதற்கு முன் "எவ்வாறு நேர்ந்தது?" என்று கேட்கப்படுகின்றதா? புதியவருக்கு வேலை பழக்க ஒருவர் நியமிக்கப்படுகின்றாரா? ஓய்வு வேளை மதிக்கப்படுகின்றதா? இவற்றைக் கவனியுங்கள்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற சொல் இனிமையானது. அதைக் காரணங்காட்டிச் சம்பளச் சீட்டின்றிக் குறைந்த பணம் கையில் தரப்படுமாயின், அது நல்ல பண்பாடு ஆகாது. முதலாளி நம் ஊரவராயினும் சட்டம் ஒன்றே. தனியார் துறை ஊழியர்கள் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் வேண்டும்:

• குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் குறைவாகப் பெற நீங்கள் சம்மதித்திருந்தாலும் அச்சம்மதம் செல்லாது. விசாவில் உள்ளோருக்கும் இவ்வுரிமை உண்டு.
• சம்பளம் வழங்கி ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தரப்படல் வேண்டும்.
• இடைவிடாத துன்புறுத்தல் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ ஆபத்து விளைவிப்பின், அங்கு பணியாற்றும்போதே ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவிடம் அதை நிறுத்தும் கட்டளையைக் கோரலாம்.
• நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான விண்ணப்பத்தை 21 நாட்களுக்குள் சமர்ப்பித்தல் வேண்டும். அதற்கு 6 மாதச் சேவை தேவை. 15 பேருக்குக் குறைந்த ஊழியர் உள்ள சிறுவணிகமாயின் 12 மாதம். காலந்தாழ்த்தியதால் மட்டும் உரிமையை இழந்தோர் உளர்; ஆகவே திகதியை உடனே குறித்துவையுங்கள்.

4. பெற்றதைக் கொடுத்தல்

சில ஆண்டுகள் கழிந்தபின், புதிதாக வருபவருக்கு நீங்களே வழிகாட்டுநர். அவர் தலையாட்டும்போது "எப்படிச் செய்யப்போகின்றீர்கள்?" என ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வி அவருடைய வேலையையே காக்கக்கூடும்.

சிந்தனைக்கு

1. விளங்காமலே தலையாட்டிய சந்தர்ப்பம் ஒன்றை நினைவுகூருங்கள். இன்று என்ன கேட்டிருப்பீர்கள்?
2. இருபது நிமிடம் கேட்கக்கூடிய ஒருவர் உங்கள் வேலைத்தலத்தில் யார்?
3. உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டு எங்கே உள்ளது?

சம்பளம், பணி உரிமைகள் குறித்து ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மனை 13 13 94 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்பின், முதலில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை 131 450 இல் அழைத்து, அங்கிருந்து இணைக்குமாறு கேளுங்கள்.